பட்டாணிக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்

கவிதா,

இதை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார். நேற்று மாலை நீ கோலாலம்பூரிலிருந்து போன் செய்து, "அப்பா, ஒரு சாரிதானேப்பா? சொன்னா என்னா கொறஞ்சா போயிடுவீங்க? எனக்கு மலுவா இருக்குப்பா" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். அதையே வெட்கமாக இருக்கிறது என்று தமிழில் சொல்லியிருந்தால் கொஞ்சம் குறைவாக வலித்திருக்குமோ என்னவோ. போனில் பேச விடாத பெண்ணுக்குக் கடிதம்தான் சரி. எழுதி முடித்ததும் உன் அம்மா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். ஆறு வருடம் உன்னைத் தமிழ்ப்பள்ளியில் படிக்க வைத்ததற்கு இன்றைக்காவது ஒரு பயன் இருக்கட்டும். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. அவருக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. எதைப் படித்துக் காட்டுவது, எதை விழுங்கிவிடுவது என்பது உன் இஷ்டம்.

அடுத்த ஞாயிறு உன் கல்யாணம். என்னிடம் இரண்டு காரியம் கேட்கிறாய். உன் மாமனாராகப் போகிறவரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அப்புறம், மண்டபத்துக்கு வருகிறவர்களுக்கு நான் கொடுப்பதாக இருக்கும் பட்டாணிப் பொட்டலம் வேண்டாம், சாக்லேட் டப்பா போதும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், இரண்டும் நடக்காது. ஏன் என்று தெரிந்துகொள்ள விருப்பம் இருந்தால் மேலே படி. இல்லையென்றால் போய் மருதாணி வைத்துக்கொள்.

அன்று நடந்ததை நீயும் பக்கத்தில் இருந்து பார்த்தாய். ஆனால் இப்போது உன் வாயால் கேட்கும்போது அது வேறு யார் வீட்டிலோ நடந்த கதை மாதிரி இருக்கிறது. அவர்கள் காம்பாரிலிருந்து முதல்முறையாக ஈப்போவுக்கு, நம் வீட்டுக்கு வந்தார்கள். உன் அம்மா கேசரியும் வடையும் செய்திருந்தாள். நான் காலையில் பொரித்த பச்சைப் பட்டாணியை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்தேன். யாரும் வைக்கச் சொல்லவில்லை. பட்டாணி பொரித்து விற்கிறவன் வீட்டுக்கு வந்துவிட்டு பட்டாணி சாப்பிடாமல் போவதாவது! உன் மாமனார் ஓய்வு பெற்ற அரசாங்க என்ஜினியர், கஞ்சி போட்ட சட்டை, அளந்து பேசுகிற மனிதர். முதலில் மரியாதைக்கு நாலைந்து எடுத்தார். பிறகு கை நிறைய எடுத்தார். அப்புறம் கிண்ணத்தையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இந்தச் சம்பந்தம் நிலைக்கும் என்று அப்போதே நினைத்தேன். அந்த நேரத்தில்தான் கடக் என்று ஒரு சத்தம். மனிதர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். கடைவாய்ப் பல்லில் பாதி உடைந்து அவர் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. பக்கத்திலேயே அந்தப் பட்டாணியும் கிடந்தது, ஒரு கீறல்கூட இல்லாமல்.

அது கல்லுப் பட்டாணி. உனக்குத் தெரியும், மாப்பிள்ளைக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். காய்ந்த பட்டாணியை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டால் மற்றதெல்லாம் குடித்துக் குடித்து உப்பிவிடும். சிலது மட்டும் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் விடாது. மூட்டையில் எப்படி வந்ததோ அப்படியே சின்னதாக, கெட்டியாகக் கிடக்கும். எண்ணெயில் விழுந்தால் இன்னும் இறுகிப் போகும். அதனால் ஊறினதை வடித்து, தட்டில் பரப்பி, விரலால் தடவித் தடவிக் கல்லைப் பொறுக்கி எறிந்த பிறகுதான் சட்டியில் போடுவது வழக்கம். இந்தத் தொழிலில் பொரிக்கிறவனைவிடப் பொறுக்குகிறவருக்குத்தான் பொறுப்பு அதிகம். அன்று ஒன்று தப்பிவிட்டது. நான் அந்த இடத்திலேயே, அத்தனை பேர் முன்னாலும், கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். பல் டாக்டரிடம் நானே காரில் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வலியோடும், "பரவாயில்லை, பரவாயில்லை" என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார். அத்தோடு அந்தக் கணக்கு முடிந்தது.

முடிந்ததாக நான் நினைத்தேன். நீங்கள் முடிக்கவில்லை. பல் கட்டி, வீக்கம் வடிந்து, கல்யாண நாளும் குறித்த பிறகு பேச்சு மெதுவாகப் பல்லிலிருந்து பட்டாணிக்கு இறங்கியது. அப்பா என்ன பண்றாங்க என்று யாராவது கேட்டால் 'ஃபுட் பிசினஸ்' என்று சொல்லுங்கள் என்றாய். சரி என்று சிரித்தேன். வீட்டுக்குள் எண்ணெய் வாடை அடிக்கிறது, அவர்கள் வரும் வாரம் சட்டி வைக்காதீர்கள் என்றாய். அதையும் கேட்டேன், ஒரு வாரம் பட்டாணி விற்கும் வண்டியை மூடிப் போட்டேன். ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தால் நீ நிறுத்திவிடுவாய் என்று நினைத்தேன். இப்போது என் கையில் இருக்கும் பொட்டலத்தையும் கேட்கிறாய்.

சின்ன வயதிலேயே உன்னை அந்தச் சொல் துரத்தியது, எனக்குத் தெரியாமலில்லை. இந்த நாட்டில் மலாயில் 'கச்சாங்' என்று ஒரே சொல் இருக்கிறது. பட்டாணி கச்சாங், நிலக்கடலை கச்சாங், கொண்டைக்கடலை கச்சாங், பயறு கச்சாங், நீளப் பயற்றங்காயும் கச்சாங். என் வண்டியில் இருக்கும் பொரித்தது, வறுத்தது எல்லாமே கச்சாங் பூத்தே, அதனால் நான் கச்சாங்காரன், அதனால் நீ கச்சாங்காரன் மகள். போதாததற்கு, சுலபமான விஷயத்துக்கும் அதே பெயர். பரீட்சை எப்படி என்று கேட்டால் பையன்கள் "கச்சாங் லா!" என்பார்கள். ஊதித் தள்ளிவிடலாம் என்று அர்த்தம். இடைநிலைப் பள்ளிக்குப் போன முதல் வருடம், கணக்குப் பரீட்சையில் நீ முதலாவதாக வந்ததும் ஒருத்தி உன்னைப் பார்த்து, "அவளுக்கு எல்லாமே கச்சாங் லா, வீடே கச்சாங்தானே" என்றாள். நீ அழுதுகொண்டு வரவில்லை. சட்டைக் கை கிழிந்து, முட்டி சிராய்த்து, கண் சிவந்து வந்தாய். அவள் சட்டை எப்படி இருந்தது என்பதை மறுநாள் தலைமை ஆசிரியை கூப்பிட்டு எனக்குக் காட்டினார். உன் அம்மா உன்னைத் திட்டினாள். எனக்கு அன்று உன்னைத் தூக்கி வண்டியின் மேல் உட்காரவைத்து ஊர்வலம் விடலாம் போல இருந்தது. அப்படிச் சண்டை போட்டு வந்த என் பெண் எங்கே போனாள் என்றுதான் கேட்கிறேன். அவளை எனக்குப் பிடித்திருந்தது.

இன்னொன்றும் உனக்கு நினைவிருக்கும். கேமரன் மலைக்குப் போனோமே, சிம்பாங் பூலாய் வழியாக, உன் அம்மா வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாளே, அந்தப் பயணம். அதுவரைக்கும் நான் பட்டாணிச் செடியைக் கண்ணால் பார்த்தது கிடையாது. சிரிக்காதே. பால்மரத் தோட்டத்தில் பிறந்தவன், ரப்பர் மரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் சொல்வேன். ஆனால் எனக்குப் பட்டாணி என்றால் மூட்டை. கப்பலில் வந்து, லோரியில் வந்து, தைத்த வாயோடு என் வீட்டு வாசலில் இறங்குவது. அது ஒரு செடியில் காய்க்கும் என்று புத்திக்குத் தெரியும், மனசுக்குத் தெரியாது. அங்கே ஒரு சீனக் கிழவரின் காய்கறித் தோட்டத்தில் குச்சி நட்டு ஏற்றிவிட்டிருந்தார்கள். நூல் மாதிரி சுருள் சுருளாக விட்டுக் கிடைத்ததை எல்லாம் பிடித்துக்கொண்டு ஏறியிருந்தது. வெள்ளைப் பூ. நான் கம்பிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டேன். அந்தக் கிழவர் என்னைத் திருடன் என்று நினைத்துத்தான் கிட்டே வந்தார். எனக்குத் தெரிந்த கொஞ்சம் கண்டோனிஸில் என் தொழிலைச் சொன்னதும் ஒரு பிடி காயைப் பறித்துத் தந்தார். நீ ஒன்றைப் பிளந்து பச்சையாகவே தின்றுவிட்டு, "அப்பா, இது இனிக்குது! நீங்கதான் இத உப்பாக்கிக் கெடுத்துட்டீங்க" என்றாய். கிழவருக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குப் பைத்தியம் பிடித்தது. மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்து, பின்பக்கம் கால்வாய் ஓரமாக நட்டேன். முளைத்தது. நீ தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக்கூட இறக்காமல் அதைப் போய்ப் பார்ப்பாய். ஒரு சாண் வந்தது. ஈப்போ வெயிலில் மஞ்சளாகிச் சுருண்டு போயிற்று. நான் மறுபடி நட்டேன், குடை பிடித்தேன், பழைய போர்வையைக் கட்டினேன், ஐஸ் தண்ணீர்கூட ஊற்றினேன். அக்கம் பக்கத்தில் என்னைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. ஒரு பூகூடப் பூக்கவில்லை. பட்டாணி இந்த ஊரில் விளையாது, அதற்கு இந்த மண்ணும் இல்லை, இந்தச் சூடும் ஆகாது. ஆனால் இந்த நாட்டில் எந்த மூலைக்குப் போய்க் கேட்டாலும், பொரித்த பட்டாணி எந்த ஊரில் நல்லது என்றால் ஈப்போவைத்தான் காட்டுவார்கள். விளையாத ஊருக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? நம்மைப் போன்றவர்கள் சட்டி முன்னால் நின்றதால் வந்தது. இதில் மலுப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு நிஜமாகவே புரியவில்லை.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். கல்யாண வேலை பேச நானும் உன் அம்மாவும் காம்பாருக்குப் போயிருந்தோம். உனக்கு அங்கிருந்து எந்த மாதிரி செய்தி வந்ததோ தெரியாது, நடந்ததைச் சொல்கிறேன். நன்றாகத்தான் உபசரித்தார்கள். உன் மாமியார் கெட்டவர் இல்லை. யாழ்ப்பாணத்துக் குடும்பம் இல்லையா, பேச்சிலேயே ஒரு மிடுக்கு. தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே ஆரம்பித்தார். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. வாற ஆக்கள் எல்லாம் டொக்டர்மார், லோயர்மார். கச்சான், கடலை எண்டு குடுத்தா என்ன நினைப்பினம்?"

"கச்சானும் இல்லம்மா, கடலையும் இல்ல. பட்டாணி" என்றேன். கச்சான் என்றால் அவர்கள் பேச்சில் நிலக்கடலை.

"என்னவோ ஒண்டு. இவருக்குப் பல்லு உடைஞ்சதும் அதாலதானே. நீங்கள் வடிவா ஒரு மன்னிப்புக் கேட்டுட்டு, அதை நிப்பாட்டிட்டா எல்லாருக்கும் நிம்மதி."

உன் மாமனார் நாற்காலியில் நெளிந்தார். "பல்லுக்கு ஒண்டுமில்லை. கட்டியாச்சு" என்று மெல்லச் சொன்னார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. உன் மாமியார் பேச்சோடு பேச்சாக, தன் அப்பா கோப்பெங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் கணக்கராக இருந்ததையும், அந்தக் காலத்தில் எவ்வளவு ஒழுங்கு, எவ்வளவு மரியாதை என்பதையும் சொன்னார். கேட்கக் கேட்க எனக்கு வேறொன்று கண்ணில் ஆடியது. நான் பிறந்ததும் கோப்பெங் பக்கத்துத் தோட்டம்தான். அதே தோட்டமா என்று கேட்கவில்லை, கேட்க விருப்பமும் இல்லை. விடிவதற்கு முன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்க, எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். கிராணியார் மேசையில் இருந்து பெயர் கூப்பிடுவார். ஒரு நிமிஷம் பிந்தி வந்த என் அப்பா அந்த மேசைக்கு முன்னால் தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, செய்த தப்புக்கும் செய்யாத தப்புக்கும் சேர்த்து, "மன்னிச்சிக்குங்க ஐயா" என்று நிற்பார். நான் அம்மா முதுகில் இருந்து பார்த்திருக்கிறேன். அது அந்தக் கிராணியாரின் குற்றம் என்றும் நான் சொல்லவில்லை, அவருக்கு மேலே வெள்ளைக்காரத் துரை. ஆனால் நான் அந்தத் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்து சட்டியைப் பிடித்ததே எந்த மேசைக்கு முன்னாலும் அப்படி நிற்கக் கூடாது என்றுதான்.

அதனால் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை, உன் அம்மாவையே கேட்டுப் பார். "அம்மா, பல்லுக்கு அன்னிக்கே சாரி கேட்டுட்டேன். இன்னும் ஒரு தடவ கேக்கணும்னாலும் இப்பவே கேக்குறேன். ஐயாவுக்கு வலிச்சிருக்கு, அது நெசம். ஆனா பட்டாணிக்கு கேக்க மாட்டேன். அது ஒரு தப்பும் செய்யல."

உன் அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். அந்த இடம் இன்னும் நீலமாக இருக்கிறது. காரில் வரும்போது சிம்பாங் பூலாய் வரைக்கும் அவள் முந்தானையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். அதற்கப்புறம், "சொன்னது சரிதான். தேத்தண்ணி குடிச்சி முடிச்ச பிறகு சொல்லியிருக்கலாம், அது தொண்டையில எறங்கல எனக்கு" என்றாள்.

நீ புது வீட்டுக்குப் போகிறாய், அப்பன் என்ற முறையில் புத்திமதி சொல்ல வேண்டுமாம், ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள். என்னிடம் இருப்பது இவ்வளவுதான். யாராவது உன்னை மன்னிப்புக் கேள் என்றால், எதற்கு என்று முதலில் கேள். செய்த காரியத்துக்கு என்றால் உடனே கேட்டுவிடு, தள்ளிப் போடாதே, எல்லார் முன்னாலும் கேள், கை காலைப் பிடித்துக்கூடக் கேள், ஒரு மரியாதையும் குறையாது. நீ இன்னாராக இருப்பதற்கு என்றால், கேட்காதே. முதல் தடவை கேட்டுவிட்டால் அப்புறம் அந்த வீட்டில் உன் சமையல், உன் பேச்சு, உன் சிரிப்பு, உன் அம்மா கட்டும் புடவை எல்லாவற்றுக்கும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மாப்பிள்ளை நல்ல பையன், எனக்குப் பிடித்திருக்கிறது. அவர் உன்னிடம் எதையும் மாற்றச் சொல்லவில்லை என்பதையும் கவனித்தேன். நீயாகத்தான் முந்திக்கொண்டு ஓடுகிறாய்.

இனி எழுதப் போவதை எழுதலாமா வேண்டாமா என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். அன்று காலை கல்லைப் பொறுக்கியது யார் கவிதா? நான் சட்டி முன்னால் இருந்தேன். உன் அம்மா கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நீ. ஒரு கை பட்டாணியில், ஒரு கை போனில். அவர்கள் கிளம்பிவிட்டார்கள், கோப்பெங் தாண்டிவிட்டார்கள் என்று மாப்பிள்ளை எழுத எழுத நீ படித்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். உன் விரல் தட்டில் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். இன்னொரு தடவை தட்டை வாங்கித் தடவிப் பார்க்காமல் எண்ணெயில் போடக் கூடாது என்றும் எனக்குத் தெரியும். ஆனால் கேட்கவில்லை. நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை, அதைக் கெடுக்க மனசு வரவில்லை. இதை அன்று யாரிடமும் சொல்லவில்லை, உன் அம்மாவிடம்கூட. இனியும் சொல்ல மாட்டேன், இந்தப் பக்கத்தை மட்டும் நானே படம் பிடித்து அனுப்புகிறேன். பெண் பார்க்க வந்த வீட்டாரிடம், பல்லை உடைத்தது உங்கள் மருமகளின் கைதான் என்று எந்த அப்பன் சொல்வான்? அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் கேட்ட அத்தனை மன்னிப்பும் உனக்காகக் கேட்டது. இன்னும் நூறு தடவை உனக்காகக் கேட்பேன். என்னிடம் நீ கேட்கத் தேவையும் இல்லை. ஆனால் உன் கை தவறவிட்டதற்குப் பட்டாணியைக் குற்றவாளி ஆக்காதே. உன்னைப் படிக்க வைத்தது அதுதான்.

இதை எழுதி முடிக்கும்போது கல்யாணத்துக்கான முதல் மூட்டை தண்ணீரில் கிடக்கிறது. ஊறின பட்டாணியைத் திரும்ப மூட்டையில் கட்ட முடியாது, ஆகவே இனி இதைப் பற்றிப் பேச்சில்லை. காலையில் நானே பொறுக்குவேன், ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துப் பொறுக்குவேன். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்து வாசலில், வேட்டி சட்டையோடு, பெண்ணின் அப்பா நிற்க வேண்டிய இடத்தில்தான் நிற்பேன். டாக்டர் வந்தாலும் கொடுப்பேன், லாயர் வந்தாலும் கொடுப்பேன். உன் மாமியார் வந்தால் வணக்கம் சொல்லிக் கொடுப்பேன். உன் மாமனாருக்கு, அவர் எந்தப் பக்கத்துப் பல்லால் மெல்லுகிறார் என்று விசாரித்துவிட்டுக் கொடுப்பேன். மணப்பெண்ணும் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். உனக்கும் ஒரு பொட்டலத்தை நீட்டுவேன், அத்தனை பேர் பார்க்க நீட்டுவேன். நீ வாங்காமல் போனால் எனக்கு வலிக்கும், ரொம்ப வலிக்கும், அதை மறைக்கத் தெரியாது எனக்கு. ஆனாலும் நீட்டின கையை மடக்க மாட்டேன்.